தறிவீட்டு ரேடியோவில் ஓடும் பாட்டு யாருடையது?

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் சாலையில், பாலாற்றுப் பாலம் ஏறும் முன் வருவது செவிலிமேடு. தனிப் பேரூராட்சியாக இருந்து, 2011இல் காஞ்சிபுரம் நகராட்சியோடு சேர்ந்தது. ராமானுஜர் வரதராஜப் பெருமாளுக்குத் தீர்த்தம் சுமந்ததாகச் சொல்லப்படும் சாலைக்கிணறு இங்கேதான் இருக்கிறது. சித்ரா பௌர்ணமியன்று அய்யங்கார்குளத்து நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளும் பெருமாள் இந்த ஊரைக் கடந்துதான் போவார். பட்டுத்தறிகளும் உண்டு. குறைந்த காசில் ஆவணப்படம் எடுக்க நினைக்கும் ஒருவருக்கு இதைவிடத் தோதான ஊர் எது?

அப்படி ஒருவர் இங்கே வந்து, ஒரு நெசவாளரின் ஒரு நாளைப் படமாக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். விடியும்போது கோயில் ஒலிபெருக்கியில் சுப்ரபாதம். பகலில் தறிக்குழியில் கால் மிதி, மேலே ஜக்கார்டு பெட்டியின் தடதடப்பு, நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடும் சத்தம். கோர்வைச் சேலை என்றால் கரைப்பக்க நாடாவைத் தள்ள இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இருவருக்கும் பொதுவாக, சுவரில் ஆணியடித்து மாட்டிய ரேடியோவில் எண்பதுகளின் சினிமாப் பாட்டு. மாலையில் வீதியில் புறப்பாடு, முன்னால் நாதஸ்வரம். எதையும் ‘செட்’ போடவில்லை, எல்லாம் இருந்தது இருந்தபடி.

சட்டச் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. அந்த நாளில் கேமரா கண்டதற்கும் மைக் கேட்டதற்கும் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் ஒரே நியாயம் வைத்திருக்கவில்லை.

1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, எவையெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று நீளமாகப் பட்டியல் போடுகிறது. பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் கலைப்படைப்பு ஒரு திரைப்படத்தில் வந்தால் அது மீறல் அல்ல. மற்றக் கலைப்படைப்புகளும் வெறும் பின்னணியாக, முக்கிய விஷயத்துக்குத் துணையாக மட்டும் வந்தால் மீறல் அல்ல. ஆகவே கோயில் சுவர்ச் சிற்பம், தறிவீட்டில் தொங்கும் காலண்டர் படம், தறியில் ஏறியிருக்கும் புட்டாவின் வரைவு எதற்கும் நம் இயக்குநர் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சலுகை ‘கலைப்படைப்பு’ என்று சட்டம் வரையறுக்கும் ஓவியம், சிற்பம், புகைப்படம், கட்டடம் போன்றவற்றுக்குத்தான். இசைக்கு இல்லை. காலண்டரில் இருக்கும் லட்சுமி தற்செயலாகப் படத்துக்குள் வரலாம். அதே சுவரில் தொங்கும் ரேடியோவின் பாட்டு வரக்கூடாது.

பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பாகுபாட்டை வைக்கவில்லை. எந்தப் படைப்பும் தற்செயலாகப் படத்தில் இடம்பெறலாம் என்று சொல்லிவிட்டு, இசையை மட்டும் வேண்டுமென்றே சேர்த்தால் அது தற்செயல் ஆகாது என்று ஒரு கடிவாளம் போட்டது. நமக்கும் அந்த அளவு போதும் என்பது என் கருத்து. ஆவணப்படக்காரர்களின் வேலையே அடுத்தவர் வீட்டு உலகத்தைப் படம்பிடிப்பது. அந்த உலகத்தில் பாட்டு இல்லாத தமிழ் வீடு எங்கே இருக்கிறது?

‘சும்மா ஏழு செகண்டுதான், முப்பது செகண்டுக்குள் இருந்தால் பரவாயில்லை’ என்று குறும்படக்காரர்களிடையே ஒரு நம்பிக்கை உலவுகிறது. சட்டத்தில் எந்த இடத்திலும் அப்படி ஒரு அளவு இல்லை. நியாயமான பயன்பாடு என்று சட்டம் ஒப்புவது சொந்த உபயோகத்தையும் ஆராய்ச்சியையும், விமர்சனத்தையும், நடப்புச் செய்தியையும்தான். ஒரு பாட்டைப் பற்றியே பேசும் படம் என்றால் விமர்சனம் என்ற கதவைத் தட்டலாம். பட்டு நெசவைப் பற்றிய படத்தில் மனநிலைக்காகப் போட்ட பாட்டு அந்தக் கதவால் நுழைய முடியாது.

ஆனாலும் நீதிமன்றம் முழுவதும் கண்டிப்பாக இருந்துவிடவில்லை. இந்தியா டிவி தொலைக்காட்சிக்கும் யஷ்ராஜ் பிலிம்ஸ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் 2012இல் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு ஒரு தீர்ப்புச் சொன்னது. பாடகி வசுந்தரா தாஸ் தன் வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது தான் பாடிய பாட்டுகளிலிருந்து சில வரிகளைப் பாடிக்காட்டியதும், பின்னணியில் படக்காட்சிகள் ஓடியதும்தான் வழக்கின் ஒரு பகுதி. இவ்வளவு அற்பமான அளவுக்குச் சட்டம் தலையிட வேண்டியதில்லை என்ற பழைய கொள்கையை அமர்வு கையில் எடுத்தது. தீங்கின் அளவு, செய்தவரின் நோக்கம், வழக்கு நடத்தும் செலவு என்று எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. நம் நெசவாளர் தறியில் உட்கார்ந்தபடி ஏதோ ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தால், இந்தத் தீர்ப்பு துணைக்கு வரக்கூடும். ரேடியோவில் முழுச் சரணம் ஓட, அதன் மேல் எடிட்டர் காட்சிகளை வெட்டி அடுக்கினால் வராது. இதில் இன்னொன்றும் இருக்கிறது. அற்பம் என்ற வாதம் வழக்குப் போட்ட பிறகு நீதிமன்றத்தில் எடுத்துவைப்பது. அதை நம்பி ஒரு திரைப்பட விழாவோ ஓடிடி தளமோ படத்தை வாங்கிக்கொள்ளாது.

அமெரிக்காவில் ஆவணப்படக்காரர்கள் 2005இல் தாங்களே கூடி, எந்தச் சூழலில் எவ்வளவு எடுத்தாளலாம் என்று ஒரு நடைமுறை அறிக்கை வெளியிட்டார்கள். படப்பிடிப்பின்போது தற்செயலாகப் பதிவாகும் பாட்டு அதில் ஒரு தனித் தலைப்பு. பிறகு காப்பீட்டு நிறுவனங்களே அதை ஏற்கத் தொடங்கின. அங்கே சட்டமும் வேறு, காப்பீட்டுப் பழக்கமும் வேறு என்றாலும், தொழில் செய்பவர்களே வரம்பை எழுதிவைத்தது கவனிக்க வேண்டியது.

சரி, பாட்டு வேண்டும்தான் என்று இயக்குநர் முடிவு செய்கிறார். யாரிடம் கேட்பது? ஒரு பாட்டு என்று நாம் சொல்வது சட்டத்தின் கண்ணில் ஒன்று அல்ல. வரிகள் இலக்கியப் படைப்பு. மெட்டு இசைப் படைப்பு. இரண்டையும் சேர்த்து ஸ்டூடியோவில் பதிந்தது ஒலிப்பதிவு. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை தனி. ரேடியோவிலிருந்து எடுத்தால் ஒலிபரப்பாளரின் உரிமையும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொன்றுக்கும் காலக்கணக்கு வேறு. வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவரின் ஆயுளும் அதற்கு மேல் 60 ஆண்டும். ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. நிகழ்த்துநருக்கு 50. ஒலிபரப்புக்கு 25.

இந்த அடுக்குகளைப் புரிந்துகொள்ள, காஞ்சிக்கு நெருக்கமான ஓர் உதாரணம் இருக்கிறது. டி.கே. பட்டம்மாள் 1919இல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர்; பெயரின் முதலெழுத்தில் இருக்கும் தாமல் காஞ்சிபுரத்தை அடுத்த ஊர். ஏவி.எம். தயாரித்து 1947இல் வந்த ‘நாம் இருவர்’ படத்தில் பாரதியின் பாடல்களை அவர் பாடினார். அப்போது பாரதி பாடல்களை இசைத்தட்டாகவும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் 1948இல் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டு ஒன்றைச் சேர்த்ததும் ஏவி.எம். வழக்குத் தொடுத்தது. ஒரு தேசியக் கவியின் பாட்டைப் பாட ஒரு தனியாரிடம் அனுமதி கேட்பதா என்று தமிழ்நாடே பேசியது. கடைசியில் 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு பாரதி படைப்புகளின் உரிமையை எடுத்துக்கொண்டது. செட்டியாரும் தன் உரிமையை விட்டுக்கொடுத்தார். பின்னர் அது மக்களுக்கே பொதுவாக்கப்பட்டது. ஒரு கவிஞனின் எழுத்துரிமையை அரசு வாங்கி ஊருக்குக் கொடுத்தது உலகத்திலேயே அபூர்வம் என்று வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி விரிவாக எழுதியிருக்கிறார்.

‘நாம் இருவர்’ படத்தில் பட்டம்மாள் பாடிய சுதந்திரப் பள்ளை நம் இயக்குநர் எடுத்துக்கொள்ளலாமா? வரி பாரதியுடையது; யாரும் பாடலாம். 1947இன் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் படத்துக்கு இசையமைத்த ஆர். சுதர்சனம் மறைந்தது 1991இல். மெட்டு அவருடையது என்றால், அதன் ஆயுள் 2051 முடியும்வரை ஓடும். வரியும் பதிவும் விடுதலையாகி, நடுவில் இருக்கும் மெட்டு மட்டும் காவலில் இருக்கிறது. பாரதி பாட்டு என்றாலே கேள்வியில்லை என்று நினைப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். பாரதி வரிக்குப் புதிதாக மெட்டுப் போட்டுக்கொள்வதில் எந்தத் தடையும் இல்லை.

கர்நாடக சங்கீதம் என்றால் எல்லாம் பழசு, ஆகவே இலவசம் என்ற எண்ணமும் பாதிதான் சரி. காஞ்சியில் சில காலம் வாழ்ந்து ஏகாம்பரநாதர் மேல் பைரவியில் கிருதி செய்த முத்துஸ்வாமி தீக்ஷிதர் 1835இல் மறைந்தார். அவர் கிருதிகளை ஸ்வரப்படுத்தி ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை 1904இல் அச்சிட்ட சுப்பராம தீக்ஷிதர் 1906இல் போனார். அங்கே எந்த வில்லங்கமும் இல்லை. ஆனால் அதே கச்சேரி மேடையில் பாடப்படும் பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தவர். அவர் பாட்டுகள் 2033 முடியும்வரை பாதுகாப்பில் இருக்கும். ரசிகரின் காதுக்கு இரண்டும் ஒரே சம்பிரதாயம்தான். சட்டம் பார்ப்பது மரணத் தேதியை.

இனி விடியற்காலைச் சுப்ரபாதத்துக்கு வருவோம். இதை இயற்றிய பிரதிவாதி பயங்கரம் அண்ணன் காஞ்சிக்காரர், மணவாள மாமுனிகளின் சீடர், பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். சொல்லுக்கு உரிமை கேட்க ஆளில்லை. ஒலிபெருக்கியில் வருவது பெரும்பாலும் எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரல், அந்த இசைத்தட்டை எச்எம்வி 1963இல் வெளியிட்டது. அறுபது ஆண்டுக் கணக்குப்படி 2023 டிசம்பர் 31ஆம் தேதியோடு இந்தியாவில் அந்த ஒலிப்பதிவின் உரிமை முடிந்துவிட்டது. நிகழ்த்துநர் உரிமைக்கான 50 ஆண்டும் கடந்துவிட்டது.

அப்படியானால் போட்டுவிடலாமா? இந்தியாவில் ஒரு அரங்கத்தில் திரையிடுவதற்கு அந்தப் பதிவைத் தடுக்க ஆளில்லை. யூடியூபில் ஏற்றினால் கதை வேறு. 1963இல் வந்த ஒலிப்பதிவுக்கு அமெரிக்காவில் இன்னும் பல பத்தாண்டுக் காலம் பாதுகாப்பு உண்டு. அந்தத் தளத்தின் கன்டென்ட் ஐடி என்னும் தானியங்கிக் காவல்காரனுக்கு ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு என்று சொல்லும் இந்தியச் சட்டத்தின் 27ஆம் பிரிவும் தெரியாது. உரிமையாளர் என்று பதிந்துவைத்திருப்பவரின் கோப்போடு ஒலி பொருந்தினால் உடனே கோரல் விழும். விளம்பர வருமானம் அங்கே போகும். மறுப்புத் தெரிவிக்கலாம். தெரிவிக்கும்போது வெளியான ஆண்டைக் காட்டும் இசைத்தட்டு உறையின் படம் கையில் இருப்பது நல்லது. அதே இசைத்தட்டு என்று நினைத்துப் பின்னாளில் செப்பனிட்டு வெளியிட்ட பதிப்பை எடுத்துக்கொண்டால் வாதத்துக்கு வழி பிறக்கும். எல்லாவற்றையும்விட எளிது, உள்ளூரில் நன்றாகச் சேவிக்கும் ஒருவரை வைத்துப் புதிதாகப் பதிந்துகொள்வது.

ரேடியோ பாட்டுக்குத் திரும்புவோம். சினிமாப் பாட்டைப் படத்தில் சேர்க்க இரண்டு சம்மதம் தேவை. காட்சியோடு இணைப்பதற்கு வரி, மெட்டு உரிமையாளரின் சம்மதம். தொழிலில் இதை சிங்க் உரிமை என்கிறார்கள். குறிப்பிட்ட பதிவையே பயன்படுத்த அதன் உரிமையாளரின் சம்மதம். இது மாஸ்டர் உரிமை. தமிழ்ப் பாட்டுகளுக்குப் பெரும்பாலும் இரண்டும் ஒரே இசை நிறுவனத்தின் கையில் இருக்கும். பழைய பாட்டு என்றால் அனேகமாக எச்எம்வியின் வாரிசான சரிகம. ஐ.பி.ஆர்.எஸ். எனப்படும் பாடலாசிரியர், இசையமைப்பாளர் சங்கம் 1969இல் தொடங்கியது. ஓட்டலிலும் மேடையிலும் பாட்டுப் போடுவதற்கு அது உரிமம் தரும். அந்த ரசீதை வைத்துக்கொண்டு படத்தில் பாட்டைச் சேர்க்க முடியாது.

2012இல் சட்டம் திருத்தப்பட்டபோது ஒரு பெரிய மாற்றம் நடந்தது. படத்துக்காக எழுதிய பாட்டு, திரையரங்கில் படத்தோடு ஓடுவதைத் தவிர வேறு வழியில் பயன்பட்டால், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை, சட்டப்படியான வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர, எவருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. எழுதிக் கொடுத்திருந்தாலும் செல்லாது. 1977இல் சினிமாப் பாட்டு உரிமை பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தயாரிப்பாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னபோதே, இசைக்கலைஞர்களின் நிலைக்காக நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியே வருத்தம் தெரிவித்திருந்தார். அந்த வருத்தம் சட்டமாக 35 ஆண்டு பிடித்தது.

யார் உரிமையாளர் என்பதே சண்டையாக இருக்கும் பாட்டும் உண்டு. 2024இல் வந்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தில் 1991இன் ‘குணா’ பாட்டு ஒன்று இடம்பெற்றது. தன் அனுமதி கேட்கவில்லை என்று இளையராஜா நோட்டீஸ் அனுப்பினார். உரிமை வைத்திருக்கும் இசை நிறுவனங்களிடம் வாங்கியிருக்கிறோம் என்று தயாரிப்பாளர் தரப்பு சொன்னது. 2025இல் ‘குட் பேட் அக்லி’ படத்தில் அவர் பாட்டுகளைப் பயன்படுத்தச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கோடிகளில் படமெடுப்பவர்களுக்கே இந்தக் கதி. செவிலிமேட்டுக் குறும்படக்காரர் நிறுவனத்திடம் ரசீது வாங்கும்போது, பின்னால் வேறு யாராவது உரிமை கேட்டு வந்தால் பொறுப்பு உங்களுடையது என்று எழுதி வாங்க வேண்டும். அதைத் தர மறுக்கும் நிறுவனத்தின் பாட்டை விட்டுவிடுவதே மேல். பதிப்புரிமையைத் தெரிந்தே மீறினால் 63ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். இது பிணையில் விட முடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

‘கவர்’ பாடினால் தப்பிக்கலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 31சி பிரிவில் மறுபதிவுக்கு வழி இருக்கிறது: முதல் பதிவு வந்து ஐந்தாண்டு ஆக வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கு முன்பணம் கட்ட வேண்டும். அதுவும் ஒலிப்பதிவுக்கு மட்டும். வீடியோவுக்கு அந்த வழி இல்லை.

இணையத்தில் ‘இலவச இசை’ தேடுபவர்கள் ‘ராயல்டி ஃப்ரீ’ என்றால் காசில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒருமுறை கட்டினால் திரும்பத் திரும்பக் கட்ட வேண்டாம் என்பதுதான் அதன் கணக்கு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் என்டி (மாற்றியமைக்கக் கூடாது) என்று குறித்திருந்தால் படத்தோடு சேர்க்கவே கூடாது. இசையை நகரும் காட்சியோடு இணைப்பது மாற்றியமைத்தல் என்றே அந்த அமைப்பு கொள்கிறது. என்சி (வணிகத்துக்கு இல்லை) என்றால் விளம்பரம் ஓடும் சேனலுக்கு ஆகாது. காஞ்சிபுரம் காந்தி ரோடு பட்டுக்கடைகளின் ரீல்ஸுக்கும் இதே மாதிரி ஒரு பொறி உண்டு. இன்ஸ்டாகிராமில் தனிநபர் கணக்குக்குக் கிடைக்கும் பாட்டு நூலகம் கடைக் கணக்குக்கு இல்லை. முகூர்த்தப் பட்டைக் காட்டும் ரீலுக்குச் சினிமாப் பாட்டுப் போட்டால் அது விளம்பரம்.

கடைசியாக நாதஸ்வரம். சமயச் சடங்கில் எந்தப் பாட்டை வாசித்தாலும் மீறல் ஆகாது. கல்யாண ஊர்வலத்துக்கும் அதே சலுகை. அது அந்த நிகழ்ச்சிக்கு. புறப்பாட்டில் வித்வான் ரசிகர்கள் கேட்டதற்காகச் சினிமாப் பாட்டு ஒன்று வாசித்து, அது படத்தில் ஏறினால் சலுகை கூட வராது. சுவாமி கிளம்பும்போது கம்பீர நாட்டையில் வாசிக்கும் மல்லாரி வழிவழியாக வந்தது, வரியில்லாதது. அதை எடுத்துக்கொள்வதில் மெட்டுப் பிரச்சினை இல்லை. வாசித்தவரின் சம்மதம் மட்டும் வேண்டும்.

என்னைக் கேட்டால், படத்தின் முழு இசையையும் இங்கேயே முடித்துவிடலாம். படம்பிடிக்கும் நேரத்தில் ரேடியோவை அணைத்துவிட வேண்டும். அணைத்தால் நிஜம் கெட்டுவிடும் என்று தூய ஆவணப்படக்காரர் கோபிக்கலாம். கோபத்தில் நியாயமும் இருக்கிறது. அதற்காகப் படம் முடங்கிப்போவது யாருக்கு லாபம்? அமெரிக்காவின் குடிமை உரிமைப் போராட்டத்தைச் சொன்ன ‘ஐஸ் ஆன் தி பிரைஸ்’ என்ற புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடர் 1987இல் வந்தது. அதில் இருந்த பாட்டுகளுக்கும் பழைய காட்சிகளுக்கும் வாங்கிய உரிமக் காலம் முடிந்து பல ஆண்டுகள் அது ஒளிபரப்ப முடியாமல் கிடந்தது. 2006இல்தான் மீண்டும் தொலைக்காட்சிக்கு வந்தது. தறியின் ஒலியைத் தனியாக, மைக்கைக் கிட்டே வைத்து நிறையப் பதிந்துகொள்ளலாம். நாடா, பலகை, ஜக்கார்டு, நூல் சுற்றும் ராட்டை எதற்கும் உரிமையாளர் கிடையாது. அதன் மேல் நாதஸ்வரமும் தவிலும் போதும்.

வித்வானோடு தாளில் எழுத வேண்டியது இவ்வளவு: எந்த உருப்படி, எங்கே பதிந்தது, எந்தப் படத்துக்கு, எவ்வளவு சம்பளம், எத்தனை வருடம், எந்தெந்த நாடு. வருடம் எழுதாமல் விட்டால் சட்டப்படி ஐந்தே வருடம். நாடு எழுதாவிட்டால் இந்தியா மட்டும். அனுமதி கிடைத்த ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அதுவும் காலாவதியாகலாம், ஆகவே அதையும் மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும். படத்தில் சேர்க்க எழுத்தில் சம்மதித்தவர் பிறகு தடுக்க முடியாது என்று 38ஏ பிரிவு சொல்கிறது. வணிகமாகப் பயன்பட்டால் அவருக்கு ராயல்டி உண்டு என்றும் அதே பிரிவு சொல்கிறது. தவில்காரர், ஒத்துக்காரர், தாளக்காரர் மூவரும் நிகழ்த்துநர்களே. கையெழுத்து நாலு பேரிடமும் வாங்க வேண்டும், பெயர் நாலு பேருடையதும் திரையில் வர வேண்டும்.